கதவில் ஏறிய ஐந்தாம் சக்கரம்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பின் பின்புறத்தைப் பழைய படங்களில் பாருங்கள். வலப்பக்கம் ஸ்டெப்னி, இடப்பக்கம் பெட்ரோல் கேன். அந்த ஜீப்புக்குப் பின்கதவே கிடையாது. சிப்பாய் பக்கவாட்டில் காலைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொள்வான். பின்பக்கம் முழுவதும் ஒரே தகட்டுச் சுவர். சக்கரத்தை அந்தச் சுவரில் முடுக்கியிருந்தார்கள். போர் முடிந்த 1945-ல் அதே வில்லிஸ் நிறுவனம் விவசாயிகளை மனத்தில் வைத்து சிஜே-2ஏ என்ற ஜீப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூட்டை ஏற்ற வேண்டுமே என்று பின்பக்கம் கீழ்நோக்கித் திறக்கும் கதவு வைத்தார்கள். வைத்த கையோடு ஸ்டெப்னியை வண்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சுவர் கதவானதும் சக்கரத்துக்கு அங்கே இடமில்லை என்று அன்றைய பொறியாளர்கள் முடிவு செய்தது நியாயமான முடிவுதான். ஆனால் இன்று மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஜீப் ராங்ளர், மெர்சிடிஸ் ஜி, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் என்று காடுமேடு ஏறும் வண்டிகளில் பல அந்தச் சக்கரத்தைக் கதவின் மேலேயே சுமக்கின்றன. கதவும் கீல்களில் தொங்கித் திறந்து மூடத்தான் செய்கிறது. இது எப்படிச் சாத்தியமாயிற்று, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில், வேறு இடமே இல்லையா என்ற கேள்வி. இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பல பெரிய வண்டிகளில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில், சங்கிலியில் தொங்கும். தார்ச்சாலைக்கு அது போதும். பள்ளத்தில் இறங்கி மேடேறும்போது வண்டியின் வால் தரையில் இடிக்காமல் இருக்க, பின்சக்கரத்துக்குப் பின்னால் அடிப்பகுதி எவ்வளவுக்கெவ்வளவு ஏறிப் போகிறதோ அவ்வளவு நல்லது. இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியில் அந்த ஏற்றம் 50 பாகை. அடியில் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டால் அந்தக் கோணத்தில் கணிசமான பங்கு போய்விடும். அதைவிடக் கொடுமை, சேற்றில் வண்டி வயிறு தட்ட அமர்ந்திருக்கும்போது அடியில் இருக்கும் சக்கரத்தை யார் போய் எடுப்பது?

கூரையில் வைத்தால் வேறு கணக்கு. வண்டி 1,800 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ சக்கரத்தைக் கூரை உயரமான 1.9 மீட்டரில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 19 மி.மீ. மேலே போகும், கதவின் உயரத்தில் மாட்டினால் 4 மி.மீ.தான். பக்கச் சரிவில் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். பழைய லேண்ட் ரோவர்களில் பானெட்டின் மேல் வைத்தார்கள். எண்ணெய் பார்க்கத் திறக்கும்போதெல்லாம் சக்கரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். உள்ளே வைத்தால் சாமானுக்கு இடம் இல்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கதவு.

ஸ்டெப்னியே வேண்டாம் என்ற வாதமும் உண்டு. டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால் 3.5 டன் வரையிலான பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. நகர வண்டிக்கு அது சரி. பாறை விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் எந்தப் பசையும் ஒட்டாது. காட்டுக்குள் போகிறவருக்கு ஐந்தாவது சக்கரம் அவசியம்.

இனி கதவுக்கு வருவோம். வீட்டு இரும்பு கேட்டில் பிள்ளைகள் ஏறி நின்று ஆடும்போது, "இறங்குடா, கீல் போயிடும்" என்று அதட்டாத அம்மா இல்லை. அந்த அதட்டலில் இருக்கும் இயற்பியல் முற்றிலும் சரி. பிள்ளை கீலுக்குப் பக்கத்தில் நின்றால் பெரிய கேடில்லை. கேட்டின் மறுகோடியில் நின்றால்தான் ஆபத்து. எடையோடு தூரமும் பெருக்கப்படுகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர்.

சக்கரம் 30 கிலோ, அதன் மையம் கீல்கள் இருக்கும் கோட்டிலிருந்து 65 செ.மீ. தள்ளி, மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடைவெளி 45 செ.மீ. என்று கொள்வோம். சக்கரம் கதவைக் கீழ்ப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. மேல்கீல் அதை இழுத்துப் பிடிக்கிறது, கீழ்க்கீல் எதிர்த்துத் தள்ளுகிறது. ஒவ்வொன்றும் தாங்கும் பக்கவாட்டு விசை 30 × 65 ÷ 45, அதாவது சுமார் 43 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தின் சொந்த எடையைவிட இது அதிகம். கதவின் எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இப்போது வண்டிக்காரர் அதற்கு 35 அங்குல மட் டயரும் இரும்பு டிஸ்க்கும் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் எளிதாக 50 கிலோவைத் தொடும். கீலின் இழுவிசை 72 கிலோ ஆகிவிடும்.

இதெல்லாம் வண்டி சும்மா நிற்கும்போது. கதவு மூடியிருந்தால் மறுகோடியில் இருக்கும் பூட்டும் ஓரளவு தாங்குகிறது. திறந்திருந்தால் கீல்களுக்கு வேறு துணையில்லை. ஆனாலும் கட்டுறுதியான ஒரு எஃகுக் கீலுக்கு 72 கிலோ ஒன்றும் பெரிய விஷயமில்லை. நிற்கும் வண்டியில் கதவு உடைந்து விழுவதில்லை. வண்டி ஓட வேண்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வகைப் பாதையில் ஓட வேண்டும்.

மண் சாலைகளில், வண்டிகள் ஓடி ஓடி, குறுக்கே வரிவரியாக மேடுபள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ திட்டமிட்டு வரைந்ததுபோல ஒரே சீரான இடைவெளியில் இருக்கும். நிக்கோலா டாபர்லே, ஸ்டீஃபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சுழலும் மணல் தட்டின் மேல் ஒரு சிறு சக்கரத்தை ஓடவிட்டே இந்த வரிகளை உண்டாக்கிக் காட்டினார்கள். ஸ்பிரிங் வேண்டாம், எஞ்சின் வேண்டாம். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினாலே தட்டையான மணல் தானாக அலையாகிவிடுகிறது. மெதுவாகப் போனால் அலை இல்லை. ஆனால் மெதுவாகப் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி வட்டாரத்தில் கால்நடைகளைக் கொண்டுசெல்லப் போட்ட கிப் ரிவர் சாலை, இத்தகைய வரிகளுக்குப் பேர்போனது. நீளம் சுமார் 660 கி.மீ. இரண்டு வரிகளுக்கு இடையே 70 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு, பாதையில் பாதி மட்டுமே வரி விழுந்தது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், ஒரு முறை கடப்பதற்குள் 4.7 லட்சம் குலுக்கல். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பெரும்பங்கை விழுங்கிவிடும். மிஞ்சியது பாடி வழியாகக் கதவுக்கு வந்து சேரும்.

இங்கே ஓர் இசைகேடான பொருத்தம் நேர்கிறது. எந்தப் பொருளையும் ஒரு தாங்கியில் தொங்கவிட்டால் அதற்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. அதைக் கணக்கிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தன் எடையால் அது எவ்வளவு தாழ்கிறது என்பது தெரிந்தால் போதும். சக்கரத்தை மாட்டியதும் அது 1 மி.மீ. தாழ்ந்தால் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 16. 2 மி.மீ. தாழ்ந்தால் 11. அரை மி.மீ. என்றால் 22. இப்போது 70 செ.மீ. வரிகளின் மேல் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு எத்தனை குலுக்கல்? 16. மணிக்கு 28 கி.மீ. என்றால் 11, 56 கி.மீ. என்றால் 22. மண் சாலையில் மனிதர்கள் இயல்பாக ஓட்டும் வேகங்கள் எல்லாம், லேசாகத் தொய்ந்த கதவின் இயல்பு அதிர்வெண்ணோடு கச்சிதமாகப் போய்ப் பொருந்துகின்றன. இரண்டும் ஒன்றானால் ஒத்ததிர்வு. அப்போது பாடி ஒரு மி.மீ. ஆடினால் கதவில் இருக்கும் சக்கரம் பல மி.மீ. ஆடும். ஆட்டத்தை விழுங்க ரப்பர் எதுவும் இல்லாமல் வெறும் இரும்பாக இருந்தால் இன்னும் மோசம்.

ஒரே குலுக்கலில் எதுவும் முறியாது. லட்சம் குலுக்கலில் முறியும். இதை உலகம் கசப்பான முறையில் கற்றது. 1842-ல் பாரிஸுக்கு அருகே நடந்த ரயில் விபத்தில், எஞ்சினின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்து, எத்தனை முறை தாங்கும் என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஒரு முறை தாங்கும் சுமையில் பாதியைக் கொடுத்தாலும் பல லட்சம் முறை கொடுத்தால் உலோகம் விரிசல் விட்டு முறிகிறது என்பது அவர் சோதனைகளில் வெளிப்பட்டது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். விரிசல் சந்துபொந்தில்தான் பிறக்கும். 1898-ல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் காட்டியதுபோல, இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது. ஸ்டெப்னித் தாங்கியை முடுக்கக் கதவுத் தகட்டில் போடும் ஒவ்வொரு துளையும் அப்படி ஓர் அழைப்பிதழ்.

வெல்டிங் வைத்த இணைப்புகளைப் பற்றிப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் ஒரு விதி உண்டு: தகைவு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். அதே விதியை நம் சக்கரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 30 கிலோவுக்குப் பதில் 50 கிலோ என்பது எடையில் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. கதவின் ஆயுளோ ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய டயர் விற்கும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய பழைய லேண்ட் ரோவர் கதவுகளுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. எஃகுக்கு, இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் தாங்கும் என்று ஒரு எல்லை இருக்கிறது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. ஆட்ட ஆட்ட என்றாவது ஒரு நாள் விரியும். போதாக்குறைக்கு, இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் மழைநீர் புகுந்தால் அரிப்பு. கதவில் விரிசல் கண்ட பிறகு தனித் தாங்கிக்கு மாறிய லேண்ட் ரோவர்க்காரர்கள் ஏராளம்.

இதுவரை படித்தவருக்கு எடைதான் எதிரி என்று தோன்றும். நான் அதைவிட இடைவெளியைத்தான் குற்றம் சொல்வேன். கம்பெனி வண்டியில் கதவைத் திறந்து சக்கரத்தின் பின்னால் எட்டிப் பாருங்கள்: டயரின் பக்கச்சுவர் சில ரப்பர் கட்டைகளின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். நட்டை முடுக்க முடுக்க டயர் ரப்பரில் அழுந்துகிறது. நடுவில் மூன்று நட்டு இழுக்க, ஓரங்களில் ரப்பர் தள்ள, சக்கரமும் கதவும் ஒரே உடம்பாகிவிடுகின்றன. அமைப்பு விறைப்பாவதால் இயல்பு அதிர்வெண் மேலே போய், சாலை வரிகளுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. மீறி வரும் ஆட்டத்தை ரப்பர் வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடுகிறது. சில ரூபாய் ரப்பர் செய்யும் வேலை இது.

டிஸ்க்கை மாற்றியதும் இந்த ஏற்பாடு குலைகிறது. சக்கரம் வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிய வேண்டும் என்ற ஆசையில் வாங்கும் டிஸ்க்குகளில், நட்டு முடுக்கும் முகப்பு உட்பக்கமாகத் தள்ளியிருக்கும். அதைக் கதவில் மாட்டினால் டயர் பின்னுக்கு விலகி நிற்கும். ரப்பரைத் தொடவே தொடாது. சக்கரம் மூன்று நட்டில் மட்டும் தொங்கி ஆடும். மாறாக, அதே டிஸ்க்கில் 255 அகல டயரை எடுத்துவிட்டு 285 போட்டால், டயர் 15 மி.மீ. கதவை நோக்கி நெருங்கும். டிஸ்க் தாங்கியில் படியும் முன்பே டயர் ரப்பரில் முட்டும். பட்டறையில் வாஷரை அடுக்கிச் சமாளிப்பார்கள். நட்டுக்குப் பிடிக்க நாலு மரைதான் மிஞ்சும். சரியான வழி, தாங்கியை முன்பின் நகர்த்திப் பொருத்துவது, அல்லது ரப்பர் கட்டையின் உயரத்தை மாற்றுவது. செலவு குறைவு. ஆனால் பளபளப்பாக எதுவும் தெரியாததால் யாரும் செய்வதில்லை.

நட்டு தானாகக் கழலுமா? கழலும். 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், நட்டின் அச்சுக்குக் குறுக்கே ஆட்டம் இருந்தால், முடுக்கிய நட்டு தானாகவே திரும்பித் தளரும் என்று சோதித்துக் காட்டினார். நட்டு பிடித்திருப்பது உராய்வினால். குறுக்காட்டம் அந்த உராய்வைக் கணநேரம் வென்றுவிட்டால் மரை வழுக்கும். ரப்பரில் அழுந்தாமல் மேலும் கீழும் ஆடும் ஸ்டெப்னி, தன் நட்டுகளுக்குத் தருவது துல்லியமாக அந்த ஆட்டத்தைத்தான்.

புதிய வண்டிகள் இதையெல்லாம் எப்படி எதிர்கொள்கின்றன என்பதற்கு 2018 மாடல் ராங்ளர் நல்ல எடுத்துக்காட்டு. அதன் பின்கதவின் உள்கட்டு, அச்சில் வார்த்த மெக்னீசியம். எஃகோடு ஒப்பிட்டால் மெக்னீசியம் நாலரை மடங்கு லேசு; ஆகவே அதே எடைக்கு நாலரை மடங்கு தடிமனாக வார்க்கலாம். தடிமன் கூடினால் வளைவுக்கு எதிரான விறைப்பு அதன் மும்மடியில் கூடும் என்பதால், மெக்னீசியம் இயல்பில் மென்மையான உலோகம் என்ற குறை அடிபட்டுப் போகிறது. விறைப்பு தேவைப்படும் இடத்தில் வரம்பு வரம்பாகக் கனம் சேர்த்து வார்த்துவிடலாம். ஒட்டுப்போட்ட வெல்டிங் புள்ளிகளும் குறைவு. பின்பக்கக் கேமராவைச் சக்கரத்தின் நடுத்துளையிலேயே வைத்துவிட்டார்கள். மூன்றாவது பிரேக் விளக்கு சக்கரத்துக்கு மேலே ஒரு தண்டில் எட்டிப் பார்க்கிறது. மிகப் பெரிய டயர் மாட்டினால் அந்த விளக்கையும் இடம் மாற்ற வேண்டிவரும்.

கதவை நம்பவே வேண்டாம் என்பவர்களுக்குத் தனிக் கை இருக்கிறது. பின்பம்பரின் மூலையில் ஒரு தடித்த முளை, அதில் சுழலும் இரும்புக் கை, கையில் சக்கரம். சுமை பம்பர் வழியாகச் சேஸிஸுக்குப் போய்விடும். கதவு கதவாக மட்டும் இருக்கலாம். விலை என்ன? டிக்கியைத் திறக்க முதலில் கையைத் திறக்க வேண்டும், பிறகு கதவை. வண்டியின் வாலில் கூடுதல் இரும்பு. வாலில் ஏறும் எடை பின் அச்சில் மட்டும் உட்காராது: தாரின் 2.45 மீட்டர் அச்சு இடைவெளியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 50 கிலோ தொங்கினால், பின் அச்சில் 70 கிலோ ஏறும், முன் அச்சில் 20 கிலோ இறங்கும். செங்குத்தான ஏற்றத்தில் அந்த 20 கிலோவை முன்சக்கரங்கள் தேடும். 50 கிலோ சக்கரத்துக்கு நான் தனிக் கையைத்தான் பரிந்துரைப்பேன். 30 கிலோ கம்பெனி சக்கரத்துக்கு அது வீண் செலவு. இடைப்பட்டவர்களுக்கு, கீல்களோடு நேரடியாக முடுக்கும் வலுவூட்டிய தாங்கி போதும். சுமை மெல்லிய தகட்டைத் தொடாமல் கீலிலிருந்து பாடித் தூணுக்குப் போய்விடும்.

சரிவில் நிறுத்தும்போது ஒரு எச்சரிக்கை. வண்டியின் மூக்கு மேலே பார்க்க 15 பாகைச் சரிவில் நின்றால், திறந்த கதவை 30 கிலோ சக்கரம் தானாக விரியத் தள்ளும். மூக்கு கீழே பார்த்தால் கதவு உங்கள் மேல் வந்து சாத்தும். கதவைத் திறந்த நிலையில் பிடித்துவைக்கும் கொக்கியோ காற்றுத் தண்டோ தேய்ந்திருந்தால், குனிந்து சாமான் எடுக்கும் தலைக்கு அது ஆபத்து.

நகரத்துக்கு வந்ததும் இந்தச் சக்கரம் சத்தமின்றிக் கதவிலிருந்து இறங்கிவிட்டது. ஹோண்டா சிஆர்-வி 2007 மாடலிலும், டொயோட்டா ஆர்ஏவி4 2013 மாடலிலும் அதைக் கழற்றிவிட்டு மேல்நோக்கித் திறக்கும் கதவுக்கு மாறின. மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த ஈகோஸ்போர்ட்டில் அது அதன் பிறகும் நம்மூர்ச் சாலைகளில் கதவிலேயே இருந்தது, பெரும்பாலும் அழகுக்காக.

கதவில் இருக்கும் டயருக்கு வெயில் ஒரு பகை, காற்றில் இருக்கும் ஓசோன் இன்னொன்று. ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் ஓடி மடங்கி நிமிரும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து காப்பாற்றுகிறது. ஓடாத டயருக்கு அந்தக் காப்பு குறைவு. அதனால் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்டெப்னியின் பக்கச்சுவரில் நரம்பு நரம்பாக வெடிப்பு விடுகிறது. பக்கச்சுவரில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்து டயரையும் முறை வைத்து மாற்றி ஓட்டுவதே நல்லது. நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் புதிதாக, உயரமாக இருந்தால் கியர்ப் பெட்டிக்கும் அது கேடு.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டெப்னியின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து, மேலும் கீழும் உலுக்கிப் பாருங்கள். வண்டி முழுவதும் சேர்ந்து ஆடினால் நல்லது. சக்கரம் மட்டும் தனியாக 'டக்' என்றால் நட்டையும் ரப்பர் கட்டையையும் கவனியுங்கள்; கதவும் சேர்ந்து தனியாக ஆடினால் கீலை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கரடுமுரடான பயணம் முடிந்த மறுநாளே நட்டை மறுபடி ஒரு முறை முடுக்குங்கள். பங்கில் காற்று பிடிக்கும்போது நான்கோடு நிறுத்திவிடாமல் ஐந்தாவதுக்கும் பிடிக்கச் சொல்லுங்கள்.